அப்பா அம்மாவோடு கூபர் பீடி, ஊட்னடாட்டா பாதை: எட்டு நாள் போதுமா?

கரிசல்மகன் (அடிலெய்ட்)

வணக்கம். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். ஜூலைப் பள்ளி விடுமுறையில் எனக்கு எட்டு நாள் லீவு கிடைக்கும். அப்பா வாழ்நாள் முழுக்க மானாவாரி விவசாயம் செய்தவர். மிளகாய், உளுந்து, கம்பு. இங்கே கடற்கரையும் மாலும் பார்த்து அலுத்துவிட்டார். "இந்த நாட்டுல மழை இல்லாத ஊரு எப்படி இருக்கும்னு காட்டுப்பா" என்று கேட்டார். அதுதான் இந்தப் பயணத்துக்குக் காரணம்.

என் திட்டம் இது. முதல் நாள் அடிலெய்டிலிருந்து கூபர் பீடி, 846 கி.மீ. இரண்டாம் நாள் உலுரு என்ற பெரிய செம்பாறை. மூன்றாம் நாள் அங்கேயே. நான்காம் நாள் திரும்பி கூபர் பீடி. அடுத்து ஊட்னடாட்டா மண்பாதையில் வில்லியம் கிரீக், மரீ, பிறகு வில்பீனா மலை, வீடு. கார் சாதாரண செடான். அப்பாவுக்கு 68 வயது, அம்மாவுக்கு 63, முழங்கால் வலி உண்டு. மகளுக்கு 9.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள். எதை விடலாம், எதை விடக்கூடாது?

நீலமலர் (போர்ட் அகஸ்டா)

தம்பி, முதலில் உலுருவை எடுத்துவிடுங்கள். கூபர் பீடியிலிருந்து போக மட்டும் 700 கி.மீ.க்கு மேல். உலுருவுக்குத் தனியாக விமானத்தில் ஒரு முறை போய்க்கொள்ளலாம். இந்தத் திட்டப்படி போனால் அப்பா பார்க்கப்போவது காரின் முன்கண்ணாடியை மட்டும்தான்.

நான் கூபர் பீடியில் இரண்டு வருடம் நர்ஸாக இருந்தேன். அந்த ஊரை அரை நாளில் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. பகலில் தூசியும் தகரமும் பழைய இயந்திரங்களும்தான் கண்ணில் படும். "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஊரே மண்ணுக்கு அடியில் இருக்கிறது, மேலே நின்று தேடினால் எப்படிக் கிடைக்கும்?

ஒரு இரவாவது டக்அவுட்டில் படுக்க வேண்டும். மலைச்சரிவைக் குடைந்து செய்த வீட்டுக்கு அங்கே அதுதான் பெயர். சுவரைத் தொட்டுப் பாருங்கள். குடைந்த இயந்திரத்தின் பற்கள் வட்டம் வட்டமாக வரி போட்டிருக்கும். சந்தன நிறக் கல்லில் செங்காவி நரம்பு ஓடும். தூசி உதிராமல் இருக்க மேலே வார்னிஷ் மாதிரி ஒன்று பூசியிருப்பார்கள். வெளியே கோடையில் 45 டிகிரி அடித்தாலும் உள்ளே 23, 24 தான், ஏசி தேவையில்லை. ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒரே இருட்டு. என் முதல் வாரத்தில் காலை பத்து மணிக்குக்கூட நடுராத்திரி என்று நினைத்துப் படுத்துக்கிடந்தேன்.

1915-ல் தங்கம் தேடி வந்த ஒரு கூட்டத்தில் இருந்த 14 வயதுப் பையன் வில்லி ஹட்சிசன் தற்செயலாக ஓபல் கல்லைக் கண்டெடுத்தான். ஊர் பிறந்த கதை அதுதான். 'கூபர் பீடி' என்பது 'குபா பிட்டி' என்ற பூர்வகுடிச் சொல்லிலிருந்து வந்தது, வெள்ளைக்காரன் தோண்டிய குழி என்று பொருள் சொல்வார்கள். இன்று ஆயிரத்து ஐந்நூறு பேர் சுமாருக்கு இருக்கிறார்கள். செர்பியர், கிரேக்கர், குரோஷியர் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள். கல்லைக் குடைந்து கட்டிய செர்பியத் தேவாலயத்தை அம்மாவுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

மகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வெளியே ஆயிரக்கணக்கில் மூடாத குழிகள். போட்டோ எடுக்கிறேன் என்று பின்னால் அடியெடுத்து வைக்காதே என்று படம் போட்டே எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள், அதை அலட்சியம் செய்யாதீர்கள். கல் பொறுக்க ஆசைப்பட்டால் ஊருக்குள்ளேயே ஜுவல்லர்ஸ் ஷாப் ரோட்டில் பொது இடம் இருக்கிறது. 'நூட்லிங்' என்பார்கள். ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோங்கள். கல்லை நனைத்து வெயிலில் திருப்பினால்தான் நிறம் தெரியும்.

வடமராட்சியான் (அடிலெய்ட்)

தம்பி, நீலமலர் பிள்ளை சொன்னது சரி. நான் மற்றப் பக்கத்தைச் சொல்கிறேன். முப்பது வருடமாக இந்த மாநிலத்தில் இருக்கிறன், அந்தப் பாதையில் நாலு தரம் போயிருக்கிறன்.

செடானில் ஊட்னடாட்டா பாதைக்குப் போகாதேயும். காய்ந்து கிடந்தால் சின்னக் காரும் போகும் என்று ஆட்கள் சொல்லுவினம். ஆனால் வயதான ஆக்களோடு அந்த விஷப்பரீட்சை வேண்டாம். மரீயிலிருந்து மார்லா வரை 620 கி.மீ. சொச்சம், அவ்வளவும் மண்ணும் கல்லும். நல்ல உயரமான 4WD (நாலு சில்லும் இழுக்கிற வண்டி) எடும். வாடகைக்கு எடுத்தால் மண்சாலையில் ஓட்ட அனுமதி இருக்கோ என்று ஒப்பந்தத்தில் எழுத்தில் பாரும். அனுமதி இல்லாமல் போய் ஏதும் நடந்தால் காப்புறுதி ஒரு சதமும் தராது.

என்ர அனுபவம் ஒன்று. வாடகை வண்டி எடுத்தபோது உதிரி டயரை நான் குனிந்து பார்க்கவில்லை. வில்லியம் கிரீக்குக்கு நாற்பது கிலோமீற்றர் இருக்கக் கூர்ங்கல் ஏறி டயர் கிழிந்தது. உதிரியைக் கழற்றினால் நூல் தெரிகிற அளவுக்குத் தேய்ந்தது. அதைப் போட்டு 40 வேகத்தில் ஊர்ந்து போனேன். அடுத்த நாள் மழை. பாதையை மூடிவிட்டார்கள். பத்துப் பேர் சுமாருக்கு இருக்கிற ஊரில் இரண்டு இரவு. அந்தச் சனம் எங்களைச் சொந்த ஆக்கள் மாதிரிப் பார்த்தது. ஆனால் அது கோடையாக இருந்து, தண்ணியும் குறைவாக இருந்திருந்தால்? இண்டைக்கும் நினைக்க நெஞ்சு பதறும்.

ஆகவே இதையெல்லாம் செய்யும். இரண்டு உதிரி டயர். மண்சாலையில் இறங்கும்போது காற்றைக் கொஞ்சம் குறைக்க வேணும், திரும்பத் தாருக்கு ஏறும்போது அடிக்க ஒரு சின்னப் பம்ப். ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லீற்றர் தண்ணி கணக்கு. கைப்பேசி பெரும்பாலும் வேலை செய்யாது, அதனால் ஆபத்தில் உதவி கேட்டுச் சிக்னல் அனுப்புகிற அவசரகால பீக்கன் ஒன்று வாடகைக்கு எடும். UHF வானொலியில் லொறிக்காரர் 40-ஆம் சானலில் இருப்பினம். மழை பெய்தால் மூடின பாதையில் இறங்காதேயும், அபராதம் பெரிது. வண்டி நின்றுபோனால் வண்டியை விட்டு நடக்கவே கூடாது. வானத்திலிருந்து தேடுகிறவனுக்குக் கார் தெரியும், மனுசன் தெரியமாட்டான்.

பொழுது சாயுமுன் போய்ச் சேர வேணும். கங்காரு, எமு, மாடு எல்லாம் அந்த நேரத்தில்தான் ரோட்டுக்கு வரும்.

பறவைநோக்கி (சிட்னி)

கரிசல்மகன், வில்லியம் கிரீக்கில் ஒரு இரவு தங்கி ஐர் ஏரி மேல் சிறு விமானத்தில் பறந்துவிடுங்கள். காட்டி தாண்டா என்பது அந்த ஏரிக்கு அரபானா என்ற பூர்வகுடி மக்கள் வைத்த பெயர், 2012 முதல் இரண்டு பெயரும் சேர்த்தே அதிகாரபூர்வம். கடல்மட்டத்துக்கு 15 மீட்டர் கீழே இருக்கிறது, ஆஸ்திரேலியாவிலேயே தாழ்ந்த இடம். முழுதும் நிறைந்தால் 9,500 சதுர கி.மீ. ஆனால் முழுதும் நிறைவது மிக அபூர்வம். 1974-ல் நிறைந்ததைப் பழைய ஆட்கள் இன்னும் பேசுவார்கள்.

இதில் என்னை ஆட்டிவைப்பது ஒன்று உண்டு. ஏரியைச் சுற்றி மழை மிகக் குறைவு. தண்ணீர் பெரும்பாலும் வருவது ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிக் குயின்ஸ்லாந்தில் பெய்யும் மழையிலிருந்து. டயமண்டினா, ஜார்ஜினா, கூப்பர் கிரீக் ஆறுகளில் வாரக்கணக்காக, மாதக்கணக்காக ஊர்ந்து வரும். 2025 மார்ச்சில் மேற்குக் குயின்ஸ்லாந்தில் வெள்ளம் வந்தபோது அந்தத் தண்ணீர் இங்கே வந்து சேர மே மாதம் ஆனது. தலைக்கு மேலே வெறும் நீலவானம் இருக்க, காலடியில் வெள்ளம் வரும்.

தண்ணீர் வந்தால் கூழைக்கடாக்கள் வரும். கடற்கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் பறந்து, சரியாக அந்த நேரத்துக்கு. பாலைக்கு நடுவே தண்ணீர் வந்த சேதி அவற்றுக்கு எப்படித் தெரிகிறது என்பது இன்றுவரை தீராத கேள்வி. ஏரி வற்ற வற்ற உப்பு ஏறும், மீன் செத்து மிதக்கும், பறவைகள் கிளம்பிவிடும். சில சமயம் பறக்கத் தெரியாத குஞ்சுகளை விட்டுவிட்டே போகும்.

ஏரித்தரையில் காலை வைக்காதீர்கள். அரபானா மக்களுக்கு அது புனிதமான இடம். பொழுதுபோக்குக்கு இறங்கி நடக்க இப்போது தடை இருக்கிறது. பாதையோரத்தில் பார்வையிடம் இருக்கிறது, இல்லையென்றால் விமானம்.

அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள். நம் ஊரில் கூண்டில் வைத்து 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கிறார்களே, அந்தப் பச்சைக்கிளிக்குஞ்சு மாதிரிப் பறவை, அதன் சொந்த ஊர் இந்தப் பாலைதான். நூற்றுக்கணக்கில் ஒரே துணி திரும்புவதுபோல் திரும்பும். நல்ல வருடமாக இருந்தால் பார்க்கலாம்.

புதுவரவு_பெர்த்

எனக்கு டிசம்பரில்தான் லீவு. அப்போது போகலாமா? கூட்டம் குறைவு, அறை வாடகையும் குறைவு என்று கேள்விப்பட்டேன்.

நீலமலர்

போகாதீர்கள். ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி பதிவானது. இந்த நாட்டில் அதற்கு மேல் இதுவரை இல்லை, 2022-ல் மேற்கே ஆன்ஸ்லோ அதைத் தொட்டது, அவ்வளவுதான். ஜனவரியில் ரேடியேட்டர் போய் நின்ற காரிலிருந்து அழைத்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாக்கு மரத்துப் பேச்சு குழறும். 1928-ல் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவை இந்தப் பாலையைக் காப்பாற்றுகிறது, நெடுஞ்சாலையிலேயே விமானம் இறங்கக் கோடு போட்ட இடங்கள் உண்டு. அதெல்லாம் உண்மை. ஆனால் விமானத்துக்கும் வந்து சேர நேரம் வேண்டும். ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்குள் வாருங்கள். இரவில் குளிரும், நல்ல கம்பளி வேண்டும். ஈ இருக்கும், முகவலை பத்து டாலருக்குள் கிடைக்கும், வாங்கிவிடுங்கள்.

மலைச்சாரல் (மெல்பர்ன்)

வில்பீனாவைக் கடைசி நாளில் வைத்திருக்கிறீர்களே, அதை முதலில் வைத்து இரண்டு இரவு தங்குங்கள். உங்கள் அப்பாவுக்கென்றே ஒரு விஷயம் அந்த வழியில் இருக்கிறது.

1865-ல் ஜார்ஜ் கோய்டர் என்ற தலைமை நில அளவையாளர், பெரும் வறட்சிக்குப் பிறகு குதிரையில் சுற்றிவந்து வரைபடத்தில் ஒரு கோடு போட்டார். இதற்கு வடக்கே மழையை நம்பி விதைக்காதே என்பது அதன் பொருள். செடிகொடி எங்கே மாறுகிறது என்று பார்த்தே போட்ட கோடு. நம் மொழியில் சொன்னால் மானாவாரிக்கு எல்லைக்கல். அடுத்த பத்து வருடத்தில் நல்ல மழை பெய்தது. கலப்பை போகும் இடத்துக்கு மழை பின்னாலேயே வரும் என்று நம்பிக் குடும்பம் குடும்பமாகக் கோட்டைத் தாண்டிப் போய்க் கோதுமை போட்டார்கள். 1880-களில் வானம் கைவிட்டது. குவார்ன், ஹாக்கர் சாலையில் போகும்போது கூரை இல்லாத கல்வீடுகள் நிற்கும். வண்டியை நிறுத்தி ஒன்றையாவது பாருங்கள். புகைபோக்கி மட்டும் நிற்கும், அடுப்படியில் ஆடு புழுக்கை போட்டிருக்கும். எனக்கு அங்கே தொண்டை அடைத்துக்கொண்டது.

வில்பீனாவுக்கு அத்னியமதன்ஹா என்ற பூர்வகுடி மக்கள் வைத்த பெயர் இக்காரா, கூடுமிடம். அக்குரா என்ற இரண்டு பெரும்பாம்புகளின் உடல்தான் அந்த மலைச்சுவர் என்பது அவர்கள் கதை. 1,171 மீட்டர் செயின்ட் மேரி சிகரத்தின் உச்சிக்கு ஏறவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். அம்மாவின் முழங்காலுக்கு ஸ்டோக்ஸ் ஹில் பார்வையிடம் போதும், கார் மேலே வரை போகும். சாயங்காலம் பிராக்கினா பள்ளத்தாக்கில் பாறைகளை உற்றுப் பாருங்கள். மஞ்சள் கால், வளையம் போட்ட வாலோடு வாலபி என்ற சின்னக் கங்காருகள் இறங்கும். அந்த மலைத்தொடரிலேயே 55 கோடி வருடத்துக்கு முந்தைய உயிர்களின் அச்சு இருக்கிறது. 1946-ல் ரெக் ஸ்பிரிக் எடியக்காரா குன்றுகளில் கண்டவை. 2004-ல் பூமியின் வரலாற்றில் ஒரு காலத்துக்கே அந்தக் குன்றின் பெயரை வைத்தார்கள்.

இந்த இடங்களை 'ஒன்றுமில்லாத வெறும் நிலம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒவ்வொரு ஊற்றுக்கும் குன்றுக்கும் பெயரும் கதையும் உரிமைக்காரர்களும் உண்டு. அவர்களே நடத்தும் நடைச்சுற்றுலா கிடைத்தால் காசு பார்க்காமல் போங்கள்.

வடமராட்சியான்

மரீயில் ஒரு பழைய பள்ளிவாசலின் நினைவு இருக்கு. ஒட்டகக்காரர் கட்டியது. 'ஆப்கான்' என்று பெயரே தவிர, கனபேர் இன்றைய பாகிஸ்தான், இந்தியப் பக்கத்து ஆக்கள். ரயில் வருமுன்னம் கம்பளியும் மாவும் தந்திக்கம்பமும் இந்த நாட்டுக்குள்ளே சுமந்தது அவர்கள்தான். பிறகு கான் ரயில் அந்தத் தடத்தில் 1980 வரை ஓடியது. எங்கட பக்கத்து மனுசர் நமக்கு நூறு வருடம் முன்னமே இங்க பாடுபட்டிருக்கினம். மரீயில் இறங்கி ஒரு நிமிடம் நிண்டுட்டுப் போம்.

கரிசல்மகன்

எல்லோருக்கும் நன்றி. உலுருவை எடுத்துவிட்டேன். புதுத் திட்டம்: வில்பீனா 2 இரவு, மரீ 1, வில்லியம் கிரீக் 1, கூபர் பீடி 2, திரும்பும் வழியில் போர்ட் அகஸ்டா 1. 4WD எடுத்தாயிற்று, மண்சாலை அனுமதி எழுத்தில் வாங்கிவிட்டேன். உதிரி டயர் இரண்டையும் குனிந்து பார்த்தேன் அண்ணை!

சாப்பாடு? வீட்டில் அசைவம் கிடையாது.

நீலமலர்

ரோட்ஹவுஸில் சிப்ஸும் டோஸ்டும்தான் நம்பிக்கை. சின்ன ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, நல்லெண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள். காப்லி ஊரில் நிறுத்திக் குவாண்டாங் பழப் பை ஒன்று வாங்குங்கள், உள்ளே புளிப்பும் இனிப்புமாக இருக்கும், அம்மாவுக்குப் பிடிக்கும்.

கரிசல்மகன் (மூன்று வாரம் கழித்து)

போய் வந்துவிட்டோம். எழுதியே ஆக வேண்டும்.

குவார்ன் தாண்டி ஒரு இடிந்த வீட்டில் நிறுத்தினோம். அப்பா சுவரைச் சுற்றி வந்தார், மண்ணைக் கையில் எடுத்துக் கசக்கிப் பார்த்தார். "மண்ணுல குத்தம் இல்லப்பா" என்றார். கோய்டர் கோட்டுக் கதையைச் சொன்னேன். 'மழை பின்னாலேயே வரும்' என்ற இடத்தில் என்னை நிறுத்தி, "நம்ம ஊர்லயும் ரெண்டு நல்ல வருசம் வந்தா மூணாவதுக்குக் கடன் வாங்குவோம்" என்றார். அப்புறம் காரில் ஏறிய பிறகும் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வில்பீனா அழகு. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருப்பார்கள், நான் விடுகிறேன்.

மரீயிலிருந்து 130 கி.மீ. மேற்கே 'பப்ளர்' என்ற ஊற்று. இதை யாரும் இங்கே எங்களுக்குச் சொல்லவில்லை, வரைபடத்தில் பார்த்து நிறுத்தினேன். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் காய்ந்த தரை. நடுவே ஒரு சின்ன மேடு, மேட்டின் உச்சியில் குளம். அடியிலிருந்து மணலும் தண்ணீரும் பெரிய கொப்புளமாக எழும்பும், உடையும், வட்டம் வட்டமாக விரியும். ஒரு நொடி அமைதி. மறுபடி எழும்பும். மோட்டார் இல்லை, பைப் இல்லை.

நான் படித்துவைத்ததை அப்பாவிடம் சொன்னேன். குயின்ஸ்லாந்து மலைகளில் பெய்த மழை மணற்கல்லுக்குள் இறங்கி வருடத்துக்குச் சில மீட்டர் வேகத்தில் நகர்ந்து வருகிறது. இங்கே வெளியே வரும் தண்ணீரில் பத்து லட்சம் வருடத்துக்கு முன் பெய்த மழையும் இருக்கலாம். இந்த நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு அடியில் அந்த நீர்த்தேக்கம் கிடக்கிறது. சென்ற நூற்றாண்டில் ஆழ்துளை போட்டு மூடாமல் விட்டதில் அழுத்தம் குறைந்து ஊற்றுகள் மெலிந்தன, பிறகு ஒவ்வொரு துளையாக மூடி வருகிறார்கள் என்பதையும் சொன்னேன்.

எங்கள் கிணறு 90 அடி. தாத்தா காலத்தில் கமலை வைத்து இறைத்தது. பக்கத்தில் போர் போட்டவுடன் வற்றியது. அப்பாவும் போர் போட்டார், மூன்று முறை, கடைசி போர் 800 அடி, புகைதான் வந்தது. அந்தக் கடனில்தான் நான் படிப்பை முடித்து வேலைக்குப் போனேன். பப்ளர் பக்கத்தில் மரப்பலகை நடைபாதையில் அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றார். மகள் கொப்புளத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது, "மூடிட்டு வர்றாங்கன்னா சொன்ன? யாரு காசு குடுக்கா?" என்று கேட்டார். அரசாங்கமும் பண்ணைக்காரர்களும் சேர்ந்து என்றேன். தலையை ஆட்டினார். பக்கத்தில் கவர்ட் ஸ்பிரிங்ஸில் பேரீச்சை மரங்கள் இருக்கின்றன, ஊற்று நீரில் இறங்கிக் குளிக்கலாம். அம்மா முழங்கால்வரை இறக்கி உட்கார்ந்துவிட்டார், எழுப்பவே முடியவில்லை.

வில்லியம் கிரீக்கில் அப்பாவும் மகளும் விமானத்தில் ஏறினார்கள். உப்பு வெள்ளை, ஒரு ஓரத்தில் தண்ணீர், ஓரம் ரோஜா நிறம். காலையில் கிளம்பும் முன் லவ் பேர்ட்ஸ் கூட்டம் ஒன்று தொட்டிக்கு வந்தது. அம்மா, "இதையா நாம கூண்டுல வச்சிருந்தோம்" என்றார். என் தங்கை சின்ன வயதில் வளர்த்தது.

கூபர் பீடியில் கல்குவியல்களைப் பார்த்ததும் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாம் புதுக்கிணறு வெட்டிப் போட்ட மண்மேடு மாதிரியே இருக்கிறதாம். மகளுக்கு நூட்லிங்கில் நிறமில்லாத 'பாட்ச்' ஒன்றும், நனைத்தால் ஓரத்தில் பச்சை மின்னும் சிறு துண்டு ஒன்றும் கிடைத்தன. காங்கு பிரேக்அவேஸில் மாலை வெயில் விழுந்தபோது மலை வெள்ளையிலிருந்து மஞ்சள், காவி என்று மாறியது. அங்கேயே டிங்கோ என்ற காட்டுநாய் ஆடுகளிடம் வராமல் தடுக்கும் நாய்வேலி ஓடுகிறது, 5,600 கி.மீ. நீளமாம்.

டக்அவுட்டில் அப்பா ஒன்பது மணி நேரம் தூங்கினார். ஊரில் நாலு மணிக்கு எழுகிறவர்.

நீலமலர்

பப்ளரைச் சொல்லாமல் விட்டது என் தப்பு தம்பி. நான் எப்போதும் ஹைவே வழியாகவே போய் வந்துவிட்டேன். அடுத்த மாதம் லீவு போட்டிருக்கிறேன்.

புதுவரவு_பெர்த்

நான் ஆகஸ்டுக்கு மாற்றிக்கொண்டேன். 4WD கட்டுப்படியாகாது. கூபர் பீடி மட்டும் சிறிய காரில் போகலாமா?

வடமராட்சியான்

போகலாம். ஸ்டுவர்ட் நெடுஞ்சாலை முழுதும் தார். போர்ட் அகஸ்டாவில் நிரப்பும், பிம்பாவில் திரும்பவும் நிரப்பும், அங்காலே கூபர் பீடிக்கு 360 கி.மீ. வரும். பல பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகிற லொறி, ரோட் ட்ரெயின், ஐம்பது மீற்றருக்கும் மேல் நீளம். முந்த அவசரப்படாதேயும், பின்னாலேயே போனால் அவனே இடம் பார்த்துச் சிக்னல் போடுவான், ஆனால் முன்னால் ரோடு காலியோ என்று நீர் உம்முடைய கண்ணால் பார்த்த பிறகுதான் முந்தவேணும்.